காலிக் கோட்டையைக் காணச் செல்வோர்க்கு

கொழும்பிலிருந்து தென் கரையோரமாகச் செல்லும் புகையிரதம் ஏறத்தாழ 116 கிலோமீற்றர் கடந்து காலியை அடைகிறது. பாதையின் பெரும்பகுதியில் ஒரு புறம் கடலும் மறுபுறம் தென்னஞ்சோலையும் உடன் வருகின்றன. நிலையத்தை விட்டு வெளியே வந்து சிறிது தூரம் நடந்தால் பரந்த துடுப்பாட்ட மைதானம் ஒன்று தெரியும். அதற்கப்பால் கருமை படர்ந்த நெடுமதில். மதிலின் மேல் ஒரு மணிக்கூட்டுக் கோபுரம். அதுவே காலிக் கோட்டை.

ஆண்டுதோறும் பெருந்தொகையானோர் இக்கோட்டையைக் காண வருகின்றனர். அவருட் பலர் மதிலின் மேல் சிறிது நேரம் உலாவுவர். வெளிச்சவீட்டின் அருகே நின்று படம் பிடிப்பர். வெயில் ஏறியதும் நிழலைத் தேடிச் சென்று, பின்னர் ஊர் திரும்புவர். அவ்வாறு திரும்புவோர் மதிலைக் கண்டவராவரேயன்றிக் காலியை அறிந்தவராகார். ஏனெனில், காலிக் கோட்டை பாழடைந்த அரண் அன்று. பாதுகாத்து வைக்கப்பட்ட வெறும் காட்சிப் பொருளும் அன்று. மதிலுக்குள்ளே ஓர் ஊர் இருக்கிறது. அங்கே வீடுகள் உள்ளன, பள்ளிவாசல், விகாரை, தேவாலயங்கள் உள்ளன, நீதிமன்றங்கள் உள்ளன, காலையிலே பாடசாலைக்குச் செல்லும் பிள்ளைகளும் மாலையிலே மதிலின் மேல் காற்று வாங்கும் முதியோரும் உளர். மூன்று ஐரோப்பிய அரசுகள் அடுத்தடுத்து ஆண்டு தத்தம் முத்திரைகளைப் பொறித்துச் சென்ற இடம் அது. ஆண்டவர் போயினர், ஊர் நின்றது. அது எவ்வாறு நின்றது என்பதை அறிந்துகொண்டு செல்வோர்க்கு அங்குள்ள ஒவ்வொரு கல்லும் பொருளுடையதாகத் தோன்றும்.

காலிக்குப் புறப்படுமுன் கொழும்பிலேயே காண வேண்டிய பொருள் ஒன்றுண்டு. தேசிய நூதனசாலையில் வைக்கப்பட்டிருக்கும் மும்மொழிக் கல்வெட்டே அது. 1911ஆம் ஆண்டு காலி நகரிலே, கிறிப்ஸ் வீதியிலிருந்த மதகு ஒன்றினை மூடிய பலகைக் கல்லாக, எழுத்துள்ள முகம் கீழ்நோக்கிக் கிடந்த நிலையில், மாகாணப் பொறியியலாளர் ஒருவர் அதனைக் கண்டெடுத்தார். சீன நாட்டு மிங் அரசமரபின் யொங்லே பேரரசருடைய கடற்படைத் தலைவர் செங் ஹோ என்பவர் கொண்டுவந்த கல் அது. அதிற் பொறிக்கப்பட்ட காலம் 1409ஆம் ஆண்டு. ஒரே கல்லில் மூன்று மொழிகள் காணப்படுகின்றன: சீனம், தமிழ், பாரசீகம். சீனப் பகுதி புத்தபெருமானைப் போற்றுகிறது. பாரசீகப் பகுதி இசுலாமியர் வணங்கும் இறைவனைப் போற்றுகிறது. தமிழ்ப் பகுதியோ தேனாவரை நாயினாருக்குக் காணிக்கை செலுத்தியதைக் கூறுகிறது. ஆயிரம் பொன், ஐயாயிரம் வெள்ளி, பட்டு, நறுமண எண்ணெய் என்று காணிக்கைப் பட்டியலும் தொடர்கிறது.

தேனாவரை என்பது தேவேந்திரமுனை எனவும் தெவிநுவர எனவும் வழங்கும் தென்கோடி ஊர். அங்கே திருமாலுக்குரிய பெருங்கோயில் ஒன்று புகழுடன் விளங்கிற்று. அக்கோயிலின் இறைவனுக்குச் சீனப் பேரரசர் தமிழிலே காணிக்கைச் சாசனம் எழுதுவித்தார் என்றால், அக்காலத்து இந்துமாக்கடல் வணிகத்தில் தமிழ் எத்தகைய இடத்தைப் பெற்றிருந்தது என்பது விளங்கும். எனினும், இக்கல்லைக் கண்டு மனம் மகிழ்வோர் வரலாற்றின் மறுபக்கத்தையும் மறத்தலாகாது. மும்மதத்தாரையும் வணங்கிக் காணிக்கை தந்த அதே கடற்படை, அதே பயணத்தின்போது இலங்கையில் போரும் செய்தது. அழகக்கோனார் குடித் தலைவரைச் சிறைப்பிடித்து 1411இல் சீனத்துக்குக் கொண்டு சென்றது. கடலில் வந்த வல்லரசுகள் ஒரு கையிற் பரிசும் மறு கையிற் படையும் ஏந்தி வந்தன என்பதற்கு அந்தக் கல் சான்று. காலியின் பிற்கால வரலாறு முழுவதற்கும் அதனை ஒரு முன்னுரை எனக் கொள்ளலாம்.

கோட்டை எழுமுன்னரே காலி ஒரு துறைமுகமாக விளங்கியது. மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இபன் பதூதா 1344ஆம் ஆண்டளவில் தேனாவரையைக் கண்டு, அங்கிருந்து காலி என்னும் சிற்றூருக்கு வந்தார். இப்ராகீம் என்ற முசுலிம் கப்பல் தலைவர் ஒருவர் அவரை அங்கே வரவேற்று விருந்தளித்தார். இச்செய்தி மற்றோர் ஐயத்தையும் தீர்க்கிறது. போர்த்துக்கேயர் முதன்முதல் இத்துறையை அணுகியபோது சேவல் கூவக் கேட்டனர் என்றும், தம் மொழியிற் சேவலைக் குறிக்கும் காலோ என்ற சொல்லையே ஊருக்குப் பெயராக இட்டனர் என்றும் ஒரு கதை வழங்குகிறது. நகரின் இலச்சினையிற் சேவல் இடம்பெற்றதற்கும் அக்கதையே காரணம். ஆனால், போர்த்துக்கேயர் இலங்கைக் கரையை 1505ஆம் ஆண்டளவிலேயே அடைந்தனர். அதற்கு 160 ஆண்டுகளுக்கு முன்னரே அரபு யாத்திரிகர் ஊரின் பெயரைக் காலி என்று எழுதி வைத்துள்ளார். எனவே சேவற் கதை சுவையான கதை என்ற அளவிலே நிற்கத் தக்கது. பாறையைக் குறிக்கும் சிங்களச் சொல்லிலிருந்தோ, மாட்டுப் பட்டியைக் குறிக்கும் சொல்லிலிருந்தோ அப்பெயர் பிறந்தது என்பர் அறிஞர்.

போர்த்துக்கேயர் தேனாவரைப் பெருங்கோயிலை 1588ஆம் ஆண்டிற் கொள்ளையிட்டு அழித்தனர். சீதாவாக்கை மன்னன் முதலாம் இராசசிங்கன் கொழும்பை முற்றுகையிட்டிருந்த காலம் அது. அவனுடைய கவனத்தைத் திருப்புவதற்காகவே தென்கரை ஊர்கள் தாக்கப்பட்டன. காலியிற் போர்த்துக்கேயர் அரண் அமைத்ததும் அக்காலத்தையொட்டியே. நிலப்பக்கமாக ஒரு மதிலும் கொத்தளங்களும் எழுப்பினர். துறைமுகத்தை நோக்கிய பக்கத்தில் ஒரு சிறு கோட்டையைக் கட்டினர். கடற்பக்கத்தில் பாறைகளே காவல் என்று விட்டனர்.

அக்காவல் அரை நூற்றாண்டளவே நிலைத்தது. கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கன் போர்த்துக்கேயரை ஓட்டுவதற்கு ஒல்லாந்தரோடு 1638இல் உடன்படிக்கை செய்துகொண்டான். 1640ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 13ஆம் நாள், வில்லெம் கொஸ்தர் என்ற தளபதியின் தலைமையில் ஒல்லாந்தர் காலியைத் தாக்கிக் கைப்பற்றினர். கைப்பற்றிய கோட்டையை மன்னனிடம் ஒப்படைத்தாரல்லர், தாமே வைத்துக்கொண்டனர். இஞ்சியைக் கொடுத்து மிளகாய் வாங்கியது போல என்று சிங்கள மக்களிடையே இன்றும் வழங்கும் பழமொழி அந்த ஏமாற்றத்திலே பிறந்ததாகும். 1656இற் கொழும்பு வீழும் வரை காலியே இலங்கையில் ஒல்லாந்தரின் தலைமையிடமாக விளங்கியது. அதன் பின்னரும் கறுவா ஏற்றுமதிக்கும், தூரதேசக் கப்பல்கள் தங்கிச் செல்வதற்கும் அவர்களுக்குக் காலித் துறை இன்றியமையாததாயிற்று. அதனாலேயே பல பத்தாண்டுகள் உழைத்து, கடற்பக்கம் உட்பட நாற்புறமும் மதிலெழுப்பினர். ஏறத்தாழ 52 ஹெக்டேயர் நிலத்தைச் சூழ்ந்து, 14 கொத்தளங்களுடன் இன்று நிற்கும் கோட்டை அவர்களுடைய வேலையே.

இவ்வளவும் அறிந்தபின் மதிலின் மேல் நடப்பது பயனுடைய செயலாகும். டிசம்பர் முதல் ஏப்பிரில் வரையுள்ள மாதங்கள் இதற்கு ஏற்றவை. மே தொடங்கிச் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக் காற்று வீசும்; அப்போது கடல் கொந்தளித்து மதிலடியில் மோதும் காட்சி அழகியதே எனினும், மழைக்கு ஒதுங்க மதிலின் மேல் இடமில்லை. எக்காலத்திற் சென்றாலும் காலை வேளையையோ மாலை வேளையையோ தேர்ந்துகொள்ளல் நன்று. நடுப்பகல் வெயிலிலே கருங்கல்லும் முருகைக் கல்லும் அனலாய்க் காயும். மதிலுக்குப் பல இடங்களிற் கைபிடிச் சுவர் கிடையாது. சிறுபிள்ளைகளுடன் செல்வோர் விளிம்பை அணுகாது நடத்தல் வேண்டும்.

நடையைப் பிரதான வாயிலின் அருகே தொடங்கலாம். நிலப்பக்கத்திலே மூன்று கொத்தளங்கள் வரிசையாக நிற்கின்றன. கிழக்கே உள்ளது சூரியன், நடுவே சந்திரன், மேற்கே நட்சத்திரம். இவ்வழகிய பெயர்கள் ஒல்லாந்தர் இட்டவை. இடங்களோ போர்த்துக்கேயர் தேர்ந்தவை. பழைய கொத்தளங்களை அகலமாக்கி உயர்த்தியபோது பழைய பெயர்களையும் புதுப்பெயர்களால் மூடினர். சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையே மதிலைப் பிளந்து செல்லும் வாயில் ஆங்கிலேயர் 1873இல் அமைத்தது. சந்திரக் கொத்தளத்தின் மேல் நிற்கும் மணிக்கூட்டுக் கோபுரம் 1883இல் எழுந்தது. காலியிற் புகழ்பெற்ற பறங்கியர் குல மருத்துவர் அந்தோனிஸ் என்பவரை நினைவுகூர்ந்து மக்கள் பொருள் சேர்த்துக் கட்டியது அது. தேசாதிபதிக்கோ தளபதிக்கோ அன்றி, நோய் தீர்த்த ஒருவருக்குக் கோட்டையின் மிக உயர்ந்த இடம் அளிக்கப்பட்டிருப்பது கருதத் தக்கது.

நட்சத்திரக் கொத்தளத்திலிருந்து தெற்கே திரும்பினால் மேற்குக் கடல் கண்முன் விரியும். இயோலசு, நெப்தியூன், திரைத்தன் எனக் காற்றுக்கும் கடலுக்கும் உரிய பழங்கிரேக்க, உரோமத் தெய்வங்களின் பெயர்களை இப்பக்கத்துக் கொத்தளங்கள் தாங்கியுள்ளன. கடலையே நம்பி வாழ்ந்த வணிகர், கடற்காற்று மோதும் பக்கத்துக்கு அப்பெயர்களை இட்டது பொருத்தமே. திரைத்தன் கொத்தளத்தின் மேல் ஒருகாலத்திற் காற்றாலை ஒன்று சுழன்று கடல்நீரை இறைத்தது. மாலையில் ஊரார் பலரும் கூடி ஞாயிறு மறைவதைக் காணும் இடமும் இப்பகுதியே.

தென்முனையில் உள்ள கொடிப்பாறை, துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்குக் குறிப்புக் காட்டிய இடம். காலித் துறை நீருள் மறைந்த பாறைகள் நிறைந்தது. வழி அறிந்தவர் துணையின்றிக் கப்பல் செலுத்துதல் இயலாது. ஒருவகையில் அப்பாறைகளே கோட்டையின் முதல் மதில். பகைவர்க்குத் தடையாயிருந்த அவை நண்பர்க்கும் தடையாயின என்பதும், அதுவே பின்னர் ஊரின் விதியை மாற்றியது என்பதும் பின்னே கூறப்படும். கொடிப்பாறையிலிருந்து கடலுட் பாயும் இளைஞர்களைக் கண்டு தாமும் பாய முயல்வது வருவோர்க்குத் தகாது; அவ்விடம் உயிரைக் கொள்ளக்கூடியது.

அடுத்துள்ள உத்திரெக்ட் முனையிலே வெளிச்சவீடு நிற்கிறது. 1848இல் நிறுவப்பட்ட முதல் வெளிச்சவீடு தீயினால் அழிந்தது. இப்போதுள்ளது 1939இல் எழுப்பப்பட்டது. அதன் எதிரே மீரான் ஜும்ஆப் பள்ளிவாசல் வெண்மையாகத் திகழ்கிறது. முதன்முறை காண்போர் அதனை ஐரோப்பியத் தேவாலயம் என்றே எண்ணுவர். முகப்பும் இரு கோபுரங்களும் அத்தகைய அமைப்பின. அருகே சென்று பிறைக் குறியைக் கண்டபின்னரே ஐயம் நீங்கும். உள்ளே செல்ல விரும்புவோர் அங்குள்ளோரின் இசைவு பெற்று, தொழுகை வேளையைத் தவிர்த்து, தக்க உடையுடன் செல்லுதல் முறை.

கிழக்குப் பக்கம் துறைமுகத்தை நோக்கியது. ஆக்கர்ஸ்லோட் என்ற கொத்தளம், கோட்டையைக் கைப்பற்றிய கொஸ்தர் பிறந்த ஊரின் பெயரைத் தாங்கியது. வெற்றிபெற்ற அதே ஆண்டிலேயே, கண்டி அரசரைக் கண்டு திரும்பும் வழியில் அவர் கொல்லப்பட்டார். அவருடைய ஊரின் பெயர் மட்டும் அயல்நாட்டுக் கடற்கரையில் எஞ்சியது. அதற்கப்பால் உள்ள கறுப்புக் கோட்டை, போர்த்துக்கேயர் கட்டியவற்றுள் எஞ்சி நிற்கும் பழைய பகுதி. அதனைக் கடந்தால் பழைய வாயிலை அடையலாம்.

அவ்வாயிலில் ஒரு பொழுது நின்று பார்த்தல் வேண்டும். உட்புறத்தே வாயிலின் மேல் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் இலச்சினை செதுக்கப்பட்டுள்ளது. இரு புறமும் சிங்கங்கள், உச்சியிற் சேவல், கீழே 1669 என்ற ஆண்டு. வெளிப்புறத்தே ஆங்கில அரசின் இலச்சினை. 1796ஆம் ஆண்டு பெப்ரவரி 23ஆம் நாள் கோட்டை கைமாறியபோது போர் நிகழவில்லை. ஐரோப்பாவிலே ஒல்லாந்து பிரெஞ்சுப் படைகளுக்கு அடிபட்டது; அதன் பயனாகக் கொழும்பு வீழ்ந்தது; அடுத்த வாரமே காலியின் திறவுகோல்களும் ஆங்கிலேயரிடம் வந்தன. நூறாண்டுக்கு மேல் பெருஞ்செலவிற் கட்டிய மதில்கள் ஒரு குண்டும் வெடியாமல் கைமாறின. ஒரே வாயிலின் இரு முகங்களும் அந்த உண்மையை அமைதியாக உரைக்கின்றன.

வாயிலிற் பொறித்த பெயர்கள் ஆண்டவருடையவை. கட்டியவர், சுமந்தவர், உழைத்தவர் பெயர்கள் எங்கும் பொறிக்கப்படவில்லை. ஒல்லாந்தக் கம்பெனியின் இலங்கை நகரங்கள் பலவற்றில் அடிமைகளின் உழைப்பும் கலந்திருந்தது. கம்பெனியார் 1658இல் நாகபட்டினத்தைக் கைப்பற்றினர். அதனையடுத்துத் தஞ்சை நாட்டிற் கொடும் பஞ்சம் பரவிய ஆண்டுகளில், பசியினால் விற்கப்பட்ட ஆயிரக்கணக்கான மக்கள் அடிமைகளாக வாங்கப்பட்டு இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் கப்பலேற்றப்பட்டனர். இலங்கையில் அடிமை முறை சட்டத்தால் முற்றாக ஒழிந்தது 1844ஆம் ஆண்டிலேயாம். ஒல்லாந்தர் காலத்து மாளிகைகளின் பருத்த தூண்களையும் அகன்ற விறாந்தைகளையும் வியப்போர் இதனையும் நினைத்தல் தகும்.

பழைய வாயில் ஊடுருவிச் செல்லும் நீண்ட கட்டடம் ஒல்லாந்தரின் பெரும் பண்டகசாலை. அதிலேதான் இப்போது கடல்சார் தொல்பொருள் நூதனசாலை உள்ளது. அங்கே தவறாது காண வேண்டியவை அவொண்ட்ஸ்டர் என்ற கப்பலிலிருந்து எடுக்கப்பட்ட பொருள்கள். மாலை நட்சத்திரம் என்பது அப்பெயரின் பொருள். ஆங்கிலேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைப்பற்றிய கப்பல் அது. 1659ஆம் ஆண்டு யூலை மாதம் 2ஆம் நாள், தென்னிந்தியாவுக்கு அனுப்புவதற்காகப் பாக்கு ஏற்றிக்கொண்டிருந்த வேளையிலே நங்கூரம் வழுவிக் கரையோரத்தில் தரை தட்டி உடைந்தது. 1993இல் அதன் உடலைக் கடலடியிற் கண்டனர்; 2001 முதல் 2004 வரை நீருள் அகழ்ந்து பல பொருள்களை மீட்டனர். ஈழத்துப் பாக்கு தமிழகத்துக்குச் செல்வதும், தமிழகத்து மக்கள் அடிமைகளாக ஈழத்துக்கு வருவதும் ஒரே காலத்தில், ஒரே கம்பெனியின் கணக்கேடுகளில் இடம்பெற்ற செய்திகள் என்பதை அக்கப்பலின் ஆண்டு நினைவூட்டுகிறது.

ஊருக்குள்ளே தெருக்கள் நேர்நேராக ஓடி ஒன்றையொன்று வெட்டுகின்றன. தெருப் பெயர்களே ஒரு சிறு வரலாற்று நூல். லெயின்பான் தெரு என்பது கயிறு திரித்த இடம். கப்பல்களுக்கு வேண்டிய வடங்கள் அங்கே முறுக்கப்பட்டன. வைத்தியசாலைத் தெரு, ஒல்லாந்தர் கால மருத்துவமனை நின்ற இடம்; அக்கட்டடத்தில் இப்போது கடைகளும் உணவகங்களும் உள்ளன. பெட்லர் தெரு என ஆங்கிலேயர் அழைத்தது, ஒல்லாந்தர் காலத்திற் சோனகச் சில்லறை வணிகர் தெரு எனப் பெயர்பெற்றிருந்தது. தேவாலயத் தெருவிலே உள்ள ஒல்லாந்தச் சீர்திருத்தத் திருச்சபைக் கோயில் 1755இல் நிறைவுற்றது. காலியின் தலைமை அதிகாரியாயிருந்த கசுபாருசு த யொங் என்பவரின் குடும்பத்தார், நெடுநாட்பின் பெண்மகவு பிறந்த நன்றிக்கடனாக அதனை அமைத்தனர் என்பது வழிவழிச் செய்தி. நடுவே தூண் ஒன்றும் இல்லாத அகன்ற மண்டபம் அது. தரையெங்கும் பழைய கல்லறைக் கற்கள் பதிக்கப்பட்டுள்ளன. தூரதேசத்திலிருந்து வந்து இளவயதிலேயே இறந்தோர் எத்தனை பேர் என்பதை அக்கற்களின் ஆண்டுகளைக் கணக்கிட்டு அறியலாம். ஆதிக்கம் செலுத்த வந்தோர்க்கும் இவ்வூர் புதைகுழியாயிற்று.

கண்ணுக்குப் புலப்படாத மற்றொரு வேலைப்பாடும் உண்டு. ஒல்லாந்தர் தெருக்களின் கீழே கழிவுநீர் வாய்க்கால்களை அமைத்திருந்தனர். கடல் ஏறும்போது அவற்றுள் நீர் புகுந்து கழிவை அலசிச் செல்லும்படி அவை வகுக்கப்பட்டிருந்தன. மாளிகைகளை வியப்போர் பலர். இவ்வாய்க்கால்களை எண்ணுவோர் சிலர். ஆயினும் ஓர் ஊரைப் பல தலைமுறைகள் வாழத்தக்க ஊராக்குவது மாளிகையைவிட வாய்க்காலே.

ஆங்கிலேயர் காலத்திலே காலி மீண்டும் ஒரு முறை பெருஞ்சிறப்புற்றது. 1840களிலிருந்து நீராவிக் கப்பல்கள் இங்கே தரித்து நிலக்கரி ஏற்றின. இந்தியா, சீனம், அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளுக்குச் செல்லும் பயணிகளும் தபாலும் இங்கே கப்பல் மாறின. ஆனால் கப்பல்கள் பெரியனவாக ஆக, நீருள் மறைந்த பாறைகள் பெருந்தடையாயின. கொழும்பிலே அலைதடுப்பணை கட்டும் வேலை 1875இல் தொடங்கி 1885இல் முடிவுற்றது. கப்பல்கள் கொழும்புக்குச் சென்றன. காலித் துறை அமைதியடைந்தது.

அன்று அது பேரிழப்பாகத் தோன்றியது. பின்னோக்கிப் பார்ப்போர்க்கோ அவ்விழப்பே கோட்டையைக் காத்தது என்பது தெளிவாகும். கொழும்பு வளரத் தொடங்கியதும், அங்கிருந்த ஒல்லாந்தர் கோட்டையின் மதில்களை 1869ஆம் ஆண்டு தொடக்கம் இடித்துத் தள்ளினர். கோட்டை என்ற பெயர் மட்டும் எஞ்சியது. காலியில் இடிப்பதற்குத் தேவையும் எழவில்லை, பொருளும் இல்லை. வறுமை காவல் செய்தது. பழைய வீடுகளிற் பழைய குடும்பங்கள் வாழ்ந்தன. ஓட்டை ஒழுகலை அடைத்துக்கொண்டு தலைமுறைகள் கடந்தன. 1988ஆம் ஆண்டு யுனெஸ்கோ காலிப் பழைய நகரையும் அதன் அரண்களையும் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தபோது, அந்த எளிய குடும்பங்கள் காத்து வைத்ததையே உலகம் ஏற்றுப் போற்றியது.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை தென்கரையைத் தாக்கியது. மதிலுக்கு வெளியே பேருந்து நிலையமும் சந்தையும் துடுப்பாட்ட மைதானமும் நீருள் மூழ்கின. அளவற்ற உயிர்கள் அழிந்தன. கோட்டைக்குள் இருந்தோரிற் பெரும்பாலோரை மதில் காத்தது. பீரங்கிக் குண்டைத் தடுக்க எழுப்பிய சுவர், எவரும் எண்ணாத பகையைத் தடுத்து நின்றது. ஆயினும் துறைமுக ஓரத்தில் இருந்த கடல்சார் தொல்பொருட் கூடம் அழிவுற்றது. அவொண்ட்ஸ்டரிலிருந்து மீட்ட பொருள்களிற் பலவற்றைக் கடல் மீண்டும் எடுத்துக்கொண்டது. எஞ்சியவற்றைத் திரட்டி நூதனசாலை 2010இல் மறுபடியும் திறக்கப்பட்டது.

காலியின் வரலாறு கல்லில் மட்டுமன்று, சொல்லிலும் எஞ்சியுள்ளது. இலங்கைத் தமிழர் அமரும் கதிரை, உண்ணும் பாண், உடை வைக்கும் அலுமாரி, அணியும் சப்பாத்து ஆகியவை போர்த்துக்கேயர் தந்த சொற்கள். வேலைக்குச் செல்லும் கந்தோரும், உறுதி எழுதும் நொத்தாரிசும் ஒல்லாந்தர் தந்தவை. நீதிமன்றங்களில் உரோமன் ஒல்லாந்தச் சட்டம் இன்றும் வழங்குகிறது. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கங்களைத் தேசவழமை என 1707இல் தொகுப்பித்தவரும் ஒல்லாந்தரே. ஆகவே, காலிக்குச் செல்லும் தமிழர் ஓர் அயலூரின் வரலாற்றைக் காணச் செல்கின்றனர் என எண்ணுதல் வேண்டா. கோட்டைக்குள் வாழும் முசுலிம் குடும்பங்கள் பலவற்றின் வீட்டு மொழியாகத் தமிழே தலைமுறை தலைமுறையாக வழங்கி வந்துள்ளது. திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியவர் ஒருவரிடம் பணிவாக வழி கேட்டால், மறுமொழி தமிழிலேயே கிடைத்தல் கூடும்.

வழி கேட்கும் அந்தப் பணிவே காலியைக் காணச் செல்வோர்க்கு முதன்மையாக வேண்டியது. அண்மைக் காலத்திலே பழைய வீடுகள் பல விலை போயின. வாங்கினோருள் வெளிநாட்டவர் பலர். வீடுகள் விடுதிகளாகவும் கடைகளாகவும் மாறின. செல்வம் வந்தது, சுவர்கள் செப்பமுற்றன, ஆனால் தலைமுறைகளாக வாழ்ந்த குடும்பங்களிற் பல வெளியேறின. வறுமையினால் அழியாத ஊர் வளத்தினால் வெறுமையாகுமோ என்ற அச்சம் அங்குள்ள முதியோரிடம் உண்டு. குடியிருப்போர் இல்லாத கோட்டை மதிலாக நிற்கும், ஊராக நில்லாது.

ஆதலாற் செல்வோர் ஒரு மணி நேரத்திற் பார்த்து முடிக்கும் எண்ணத்துடன் செல்லாதிருப்பாராக. இயலுமாயின் ஓர் இரவேனும் தங்கலாம். ஊரார் நடத்தும் சிறு விடுதிகளும் உணவுக் கடைகளும் உள்ளன, அவற்றை நாடலாம். திறந்த கதவு கண்டு உள்ளே எட்டிப் பார்த்தலும், கேளாமற் படம் பிடித்தலும் தவிர்க்கத் தக்கன. வாணிபர் காட்டும் இரத்தினக் கற்களை அவசரப்பட்டு வாங்காதிருத்தல் நன்று. கை வேலையான பின்னல் சரிகைகளை வாங்கினால் அப்பொருள் நேரே அவ்வூர்ப் பெண்களின் கைக்குச் சேரும். மதிற் கல்லைப் பெயர்த்தலும் அதிற் பெயர் கீறுதலும் குற்றமாகும். பெயர் பொறித்தோர் எல்லாரும் போய்விட்டனர் என்பதையே அக்கோட்டையின் ஒவ்வொரு வாயிலும் கூறுகிறது. பெயர் பொறியாது வாழ்ந்தோரின் மக்களே அங்கே இன்றும் விளக்கேற்றுகின்றனர்.